நான்கு பிள்ளைகளுக்கும் ஒரே அளவு சேமிப்பதா?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். என் வயது 40. கணவருக்கு 44, சொந்தப் பிக்கப் வண்டியில் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் தேங்காய் ஏற்றிச் செல்கிறார். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். தோப்பு வருமானத்தையும் சேர்த்து மாதம் சராசரியாக 48,000 ரூபாய் வருகிறது. எங்களுக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவள் பிளஸ் டூ படிக்கிறாள். கோவையில் நர்சிங் படிக்க விரும்புகிறாள். தங்கும் விடுதியுடன் ஆண்டுக்கு 1.4 லட்சம் ஆகும் என்று கல்லூரியில் சொன்னார்கள். அடுத்தவன் ஒன்பதாம் வகுப்பு. மூன்றாவது பிள்ளையான மகளுக்கு ஒன்பது வயது எட்டு மாதம் ஆகிறது. ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். கடைசிப் பையனுக்கு நான்கு வயது. சர்வீஸ் கூட்டுறவு வங்கியில் 7.5 சதவீத வட்டிக்கு 3 லட்சம் டெபாசிட் உள்ளது. 11 சதவீத வட்டியில் 2 லட்சம் நகைக்கடன் இருக்கிறது. கேரள அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. நடத்தும் சிட்டியில் மாதம் 5,000 வீதம் 40 மாதச் சீட்டில் 24 தவணைகள் கட்டியிருக்கிறோம். இவை போக மாதம் 8,000 ரூபாய் மிச்சம் பிடிக்கலாம். நால்வர் பெயரிலும் ஆளுக்கு 2,000 ரூபாய்க்குக் குழந்தைகள் பாலிசி எடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். பெண் பிள்ளைகளுக்கு நகை வாங்கச் சொல்கிறார் மாமியார். மூத்தவள் வேலைக்குப் போய்விட்டால் தம்பி தங்கைகளை அவளே படிக்க வைப்பாள் என்கிறார் கணவர். எதைச் செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, நான்கு தட்டில் ஒரே அளவு சோறு போடுகிற தாயின் மனத்தோடு நான்கு பாலிசிகளை யோசித்திருக்கிறீர்கள். ஆனால் பிள்ளைகளின் பசி ஒரே நேரத்தில் வந்தாலும், அவர்களின் செலவு அப்படி வருவதில்லை. மூத்தவளுக்கு இன்னும் எட்டு மாதத்தில் பணம் வேண்டும். கடைக்குட்டிக்குப் பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள் கழித்து வேண்டும். இருவருக்கும் ஒரே பாலிசியில் ஒரே தொகையைக் கட்டினால், ஒருத்திக்கு அது காலம் கடந்து வரும். மற்றவனுக்கோ நீண்ட காலம் கிடந்தும் போதிய அளவு வளர்ந்திருக்காது. எனவே உங்கள் 8,000 ரூபாயைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்காமல், எந்த ஆண்டில் எவ்வளவு தேவை என்று பார்த்துப் பிரிக்க வேண்டும்.

காலக்கெடு உள்ள ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது மகளுக்குப் பத்து வயது நிறைவதற்குள், பெண் குழந்தைகளுக்கான அரசுச் சேமிப்பான சுகன்யா சம்ரித்தி கணக்கைத் தொடங்கிவிட வேண்டும்; உங்களுக்கு இருப்பது நான்கே மாதங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இதைத்தான் ‘செல்வமகள் சேமிப்புத் திட்டம்’ என்கிறார்கள். பெயர் வேறு என்பதால் இரண்டு திட்டங்கள் என்று நினைத்துப் பொள்ளாச்சியிலும் ஒன்று தொடங்கிவிட வேண்டாம்; ஒரு பெண் குழந்தைக்கு ஒரு கணக்குதான். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம் கட்டலாம். வட்டி 2024 ஜனவரியில் 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. காலாண்டுதோறும் அரசு இதை மாற்றி அமைக்கலாம். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாதத்திற்கான வட்டி கிடைக்கும்.

இத்திட்டத்தைப் பரிந்துரைப்பவர்கள் பலர் சொல்லாமல் விடும் ஒரு செய்தியும் உண்டு. கணக்கு முதிர்வது பெண்ணின் 21 வயதில் அன்று. கணக்கு தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டுகள் கழித்துத்தான். உங்கள் மகள் விஷயத்தில் அவளுக்கு முப்பது வயது கடந்திருக்கும். பதினெட்டு வயதுக்குப் பிறகு திருமணத்திற்காகக் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றாலும், படிப்புக்கென்றால் பத்தாம் வகுப்பு தேறிய பிறகோ 18 வயது ஆன பிறகோ, முந்தைய நிதியாண்டின் இறுதியில் உள்ள இருப்பில் பாதியை மட்டுமே எடுக்க முடியும். மாதம் 1,500 ரூபாய் கட்டி, வட்டியும் இதே அளவில் நீடித்தால், அவள் கல்லூரியில் சேரும்போது ஏறத்தாழ 1.8 லட்சம் இருக்கும். கைக்கு வருவது 90,000 மட்டுமே. ஆகவே 1,500 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 8.2 சதவீதம் என்ற எண்ணைக் கண்டு எல்லாவற்றையும் அதில் போட்டால், அந்தப் பணம் சட்டப்படி அந்த ஒரு பிள்ளைக்கு மட்டுமே உரியதாகிவிடும். நால்வருள் வேறு யாருக்காவது திடீரென்று அவசரம் வந்தால் அதைத் தொட முடியாது.

அடுத்தது ஏஜென்ட் சொன்ன பாலிசி. குழந்தையின் பெயரில் பாலிசி என்பது கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் குடும்பத்தில் எந்த வருமானம் நின்றுபோனால் நான்கு பேரின் படிப்பும் நின்றுபோகும்? வாளையாற்றிலும் கோபாலபுரத்திலும் நாள்தோறும் எல்லை கடந்து வண்டி ஓட்டும் உங்கள் கணவரின் வருமானம்தான். காப்பீடு அவர் மீது இருக்க வேண்டும். கடைக்குட்டி 22 வயதை எட்டும் வரை, அதாவது 18 ஆண்டுகளுக்கு, 50 லட்சம் ரூபாய்க்கு ஒரு டெர்ம் பாலிசி எடுங்கள். முதிர்வுத் தொகை எதுவும் வராத வெறும் பாதுகாப்பு இது. அதனால்தான் பிரீமியமும் குறைவு. அவருடைய உடல்நிலையைப் பொறுத்து மாதத்திற்கு 1,200 ரூபாய் அளவில் ஒதுக்கிவைக்கலாம் என்பது என் மதிப்பீடு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பீடியோ பான்பராக்கோ பழக்கம் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். மறைத்தால் பின்னாளில் அதையே காரணம் காட்டிப் பணம் மறுக்கப்படலாம். 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் இந்தப் பாலிசியைப் பதிவு செய்யும்படி கேளுங்கள். அப்படிச் செய்துவிட்டால், வண்டிக் கடனோ கைமாற்றோ எதுவானாலும், அவருடைய கடன்காரர்கள் அந்தத் தொகைக்கு உரிமை கோர முடியாது. அது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே சேரும்.

டெர்ம் பாலிசிக்கு வருமானச் சான்று கேட்பார்கள். அது கைக்கு வரும் வரை காத்திராமல், வங்கிக் கணக்கு வழியாகக் கிடைக்கும் இரண்டு பிரதமர் காப்பீடுகளில் இருவருமே இந்த வாரமே சேர்ந்துவிடுங்கள். ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடும் கிடைக்கின்றன. பிக்கப் வண்டியின் காப்பீட்டில் உரிமையாளரே ஓட்டுநராக இருந்தால் 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பு உண்டு. அதில் வாரிசுதாரர் பெயர் எழுதியிருக்கிறதா, கணவரின் ஓட்டுநர் உரிமம் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். நான் கணக்குப் பார்த்த வண்டிக்காரக் குடும்பங்களில் பாதிப் பேர் அந்தத் தாளைத் திறந்தே பார்த்திருக்கவில்லை.

நகைக்கடன் விஷயத்தில் தயக்கமே வேண்டாம். ஒரு கையில் 7.5 சதவீதம் வாங்கிக்கொண்டு, மறு கையில் 11 சதவீதம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்; இரண்டு லட்சத்திற்கு ஆண்டுக்கு 7,000 ரூபாய் வீணாகிறது. டெபாசிட்டில் 2 லட்சத்தை எடுத்து நகையை மீட்டுவிடுங்கள். கையிருப்பு குறைகிறதே என்று அஞ்ச வேண்டியதில்லை; வீட்டுக்கு வந்த நகைதான் இனி உங்கள் அவசர நிதி, தேவைப்பட்டால் ஒரே மணி நேரத்தில் பணமாகும். மாமியாரிடமும் இதையே சொல்லலாம்: இருக்கும் நகையை மீட்பதே இப்போதைக்கு நகை வாங்குவதற்குச் சமம், அதுவும் செய்கூலியும் ஜி.எஸ்.டி.யும் இல்லாமல். மீதமுள்ள ஒரு லட்சம் முதிர்ந்ததும் ஒரு வணிக வங்கிக்கு மாற்றிக்கொள்வது நல்லது. வங்கி டெபாசிட்டுகளுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் வரையிலான டெபாசிட் காப்பீடு, தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களாக இயங்கும் சர்வீஸ் கூட்டுறவு வங்கிகளுக்குப் பொருந்தாது. அந்த ஒரு லட்சம் வண்டியின் டயருக்கும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கும், ஜூன் மாதம் மழையோடு சேர்ந்து வந்து நிற்கும் நான்கு பேரின் குடை, பை, நோட்டுச் செலவுக்குமாக இருக்கட்டும். அந்த நகையை அடகுக்கு அனுப்பியதே இப்படி ஒரு ஜூன் மாதமாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

இனி மூத்தவள். நான்கு ஆண்டுப் படிப்புக்கு 5.6 லட்சம் தேவை. சீட்டை இன்றே ஏலத்தில் எடுத்துவிட வேண்டாம்; ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் கழிவு அதிகமாகப் போகும். சேர்க்கை வரும்போது முப்பதாவது தவணையைத் தாண்டியிருப்பீர்கள். ஏலத்தில் போட்டி தணிந்து, முழுத் தொகைக்கு நெருக்கமாகக் கிடைக்க வாய்ப்புண்டு. மீதித் தவணைகளுக்கு ஜாமீன் கேட்பார்கள் என்பதால் அதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். அந்தப் பணத்தில் ஆண்டுக்கு 40,000 கட்டலாம். மீதி ஆண்டுக்கு ஒரு லட்சத்தைக் கல்விக்கடனாக வாங்குங்கள். நான்கு லட்சம் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை. நம் பங்காக எதையும் கட்டவும் வேண்டியதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணையும் கிடையாது. முன்பணம் கட்டுவதற்கு முன், அந்தக் கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும், மத்திய அரசின் கல்விக்கடன் திட்டமான பிரதமர் வித்யாலட்சுமி பட்டியலில் அது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், 8 லட்சம் வரை ஆண்டு வருமானம் உள்ள உங்களைப் போன்ற குடும்பத்திற்குத் தவணை தொடங்காத காலத்து வட்டியில் 3 சதவீதச் சலுகை கிடைக்கக்கூடும். படிக்கும் காலத்திலேயே வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள். பத்து சதவீதம் என்று வைத்தால் முதலாண்டில் மாதம் 830 ரூபாயும், நான்காம் ஆண்டில் 3,300 ரூபாயும் ஆகும். நகைக்கடன் வட்டியாகப் போய்க்கொண்டிருந்த மாதம் 1,800 ரூபாய் இதற்குக் கைகொடுக்கும்.

கணவரின் எண்ணத்தில் அன்பு இருக்கிறது, கணக்கு இல்லை. கல்விக்கடன் மகளின் பெயரில் இருக்கும். நான்கு லட்சத்திற்குப் பத்தாண்டு தவணை என்றால் மாதம் 5,300 ரூபாய். புதிதாக வேலைக்குச் சேரும் ஒரு நர்சின் சம்பளத்தில் அதுவே பெரிய பங்கு. அவள் விரும்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதை வரவாக எழுதித் தம்பியின் படிப்பைத் திட்டமிடாதீர்கள். அக்காவின் கடைசி ஆண்டும் அவனுடைய முதலாண்டும் ஒன்றாக வரும் என்பதையும் கவனியுங்கள். அந்த ஓராண்டுதான் உங்களுக்கு நெருக்கடி.

அவனுக்காக இப்போதே வங்கியில் மாதம் 2,500 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. (தொடர் வைப்பு) தொடங்குங்கள். அஞ்சலக ஆர்.டி. ஐந்தாண்டு காலத்திற்கு உரியது. அவனுக்கு நான்காண்டுக்குள் பணம் வேண்டும், இடையில் முடித்தால் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் தருவார்கள். பதினாறு மாதங்களில் சீட்டு முடிந்ததும் விடுபடும் 5,000 ரூபாயை வேறு சீட்டில் போடாமல் இவனுக்கே திருப்பிவிட்டால், அவன் கல்லூரிக்குப் போகும்போது இரண்டரை லட்சத்திற்கு மேல் சேர்ந்திருக்கும்.

கடைக்குட்டிக்கு இப்போதைக்கு 1,000 ரூபாய் போதும், அதையும் உங்கள் பெயரிலேயே, பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் ஓர் இண்டெக்ஸ் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி.யாக, அதாவது மாதத் தவணையாகப் போடுங்கள். 2020 ஜனவரியில் 42,000 புள்ளியை நெருங்கியிருந்த சென்செக்ஸ் குறியீடு மார்ச் மாதம் 26,000க்குக் கீழே போனது. அப்படிப்பட்ட சரிவைத் தாங்கிக் காத்திருக்க அவனுக்கு மட்டும்தான் காலம் இருக்கிறது. மூத்த பிள்ளைகளின் பணத்தை அங்கே கொண்டு போகாதீர்கள். எஞ்சிய 1,800 ரூபாய் முதலில் சேமிப்புக் கணக்கிலும், கல்விக்கடன் தொடங்கிய பிறகு அதன் வட்டிக்கும் போகட்டும்.

எல்லையில் வாழ்வோர் அடிக்கடி கேட்பது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உயர்கல்வி படிக்கும் பெண்களுக்குத் தமிழ்நாட்டின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் தரப்படும் 1,000 ரூபாய், அங்குள்ள அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு உரியது. கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழியில் படித்திருந்தாலும் உங்கள் மகளுக்குக் கிடைக்காது. உறவினர் முகவரியைக் காட்டி இருப்பிடச் சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒதுங்கிவிடுங்கள். பொய்ச் சான்று தெரிய வந்தால் சேர்க்கையே ரத்தாகும். உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை நம்பி, ஒன்பதாம் வகுப்புப் பையனைப் பொள்ளாச்சிப் பள்ளிக்கு மாற்றுவதிலும் பயனில்லை. அதற்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

சுகன்யா கணக்குக்குப் போகும் முன், மகளின் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரசவம் பொள்ளாச்சியில் நடந்து, ஆதார் கேரளத்தில் எடுத்த குடும்பங்களில் ஒன்றில் அப்பாவின் முதலெழுத்தும் மற்றொன்றில் வீட்டுப் பெயரும் இருப்பது சாதாரணம். திருத்தம் செய்வதற்கே சில வாரங்கள் ஆகலாம் என்பதால், இந்த நான்கு மாதங்களில் முதல் மாதத்தை அதற்கு விட்டுவிடுங்கள்.