கார் கடனுக்குள் இருந்த கமிஷன்: முறையிடலாமா, விட்டுவிடலாமா?

கிழக்கு லண்டனில் பழைய கார் விற்கும் ஓர் இடத்தில் ஆறு வருடம் ஃபைனான்ஸ் மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். 2019-ல் விலகினேன். பிரிட்டனில் கார் கடன் வாங்கிய நம்மவர்கள் கமிஷன் விஷயமாகக் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இது 2025 நவம்பர் நிலவரம்.

கேள்வி (ஹாரோ): 2016-ல் பிசிபியில் (மாதத் தவணை கட்டி, கடைசியில் ஒரு பெருந்தொகை கட்டினால் கார் சொந்தமாகும் கடன்) கார் எடுத்தேன். விற்றுக் கொடுத்த டீலருக்குக் கமிஷன் கிடைப்பது இயல்புதானே? இதில் எனக்கு என்ன நஷ்டம்?

கமிஷன் வாங்கியதில் குற்றமில்லை. அதை எப்படிக் கூட்டிக்கொண்டோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடன் கொடுக்கும் நிறுவனம் எங்களிடம் ஒரு வட்டி வரம்பைக் கொடுத்துவிடும். குறைந்தது 5 சதவீதம், கூடியது 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் எதைச் சொல்வது என்பது என் கையில். 5 சொன்னால் எனக்குக் கொஞ்சம், 9 சொன்னால் நிறைய. உங்கள் கடன் வரலாறு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதற்கும் இந்த 9-க்கும் சம்பந்தம் இருக்காது.

காரின் விலையில் 200 பவுண்ட் குறைக்க ஒரு மணி நேரம் பேரம் பேசியவர்கள், என் மேசைக்கு வந்ததும் கேட்ட ஒரே கேள்வி, "மாதம் எவ்வளவு வரும்?" வட்டியைப் பேரம் பேசலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

நிதி ஒழுங்காற்று அமைப்பான எஃப்சிஏ 2019-ல் கணக்குப் போட்டுக் காட்டியது. 10,000 பவுண்ட் கடனை நான்கு வருடத்தில் கட்டுபவர், இப்படிக் கமிஷன் கூடும்போது சுமார் 1,100 பவுண்ட் வரை அதிக வட்டி கட்ட நேரலாம். 2021 ஜனவரி 28 முதல் இந்த முறைக்குத் தடை. நீங்கள் வாங்கியது அதற்கு முன்பு என்பதால் கேட்டுப் பார்க்க வேண்டியவர்தான்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): உச்ச நீதிமன்றம் கடன் நிறுவனங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்கிறார்களே. இனி எழுதி என்ன பயன்?

பாதி சரி. 2024 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாடிக்கையாளரின் முழுச் சம்மதம் இல்லாமல் கொடுத்த கமிஷன் சட்டத்துக்குப் புறம்பானது என்ற அளவுக்குப் போனது. 2025 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டது. டீலர் கார் விற்க வந்தவர், உங்கள் நலனைக் காக்கும் பொறுப்பாளர் அல்ல என்பது அதன் நிலை. எனக்கும் அது சரியென்றே படுகிறது. எங்களை யாரும் அப்படி நம்பியிருக்கக் கூடாது.

ஆனால் உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்த மூன்று வழக்குகளில் ஒன்று தப்பியது. மார்கஸ் ஜான்சன் என்பவர் 2017-ல் ஒரு சுஸுகி காரைக் கடனில் வாங்கினார். அதில் டீலருக்குப் போன கமிஷன் 1,650.95 பவுண்ட். கடன் தொகையில் கால்வாசி, கடனுக்காக அவர் கட்ட வேண்டிய மொத்தச் செலவில் 55 சதவீதம். அதோடு, டீலர் பல நிறுவனங்களைப் பார்த்துப் பொருத்தமானதைத் தேர்ந்தார் என்ற தோற்றம் இருந்தது. உண்மையில் ஒரு நிறுவனத்துக்கு முதல் உரிமை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. நுகர்வோர் கடன் சட்டத்தின் 140ஏ பிரிவின்படி இது நியாயமற்ற உறவு என்று சொல்லி, கமிஷனை வட்டியோடு கொடுக்கச் சொன்னார்கள்.

ஆகவே "கமிஷன் இருந்தது" என்பது மட்டும் போதாது. வட்டியைக் கூட்டிய கமிஷனா, அளவுக்கு மீறியதா, மறைத்த ஒப்பந்தம் இருந்ததா, இந்த மூன்றில் ஒன்றாவது வேண்டும்.

கேள்வி (லெஸ்டர்): இழப்பீட்டுத் திட்டம் வருகிறது என்றால் பேசாமல் காத்திருக்கலாமே?

இருக்கலாம். நான் என்றால் இருக்கமாட்டேன். எஃப்சிஏ 2025 அக்டோபரில் கலந்தாய்வுக்கு வைத்த திட்டம் 2007 ஏப்ரல் 6 முதல் 2024 நவம்பர் 1 வரை எழுதிய ஒப்பந்தங்களைப் பற்றியது. அதன்படி, முன்பே முறையிட்டவர்கள் வேண்டாம் என்று சொன்னால் ஒழியத் தானாகவே உள்ளே வந்துவிடுவார்கள். முறையிடாதவர்களை நிறுவனம் தேடிப் பிடித்துச் "சேர்கிறீர்களா?" என்று கேட்கும். நம் ஆட்கள் எத்தனை வீடு மாறியிருப்போம்? 2011-ல் இருந்த ஃப்ளாட்டுக்குக் கடிதம் போனால் புதிதாகக் குடியிருப்பவர் அதைக் குப்பையில் போடுவார்.

பெரிய கனவு வேண்டாம். அந்தத் திட்டத்தில் ஓர் ஒப்பந்தத்துக்குச் சராசரி சுமார் 700 பவுண்ட் என்று அப்போது மதிப்பிட்டார்கள். அதுவும் மொத்த ஒப்பந்தங்களில் 44 சதவீதத்துக்குத்தான். மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை.

முறையிட்ட பிறகு மாதக்கணக்கில் பதில் வரவில்லை என்றால் பதற வேண்டாம். எட்டு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற வழக்கமான கெடுவை எஃப்சிஏ 2024 ஜனவரியில் இவ்வகை முறையீடுகளுக்கு நிறுத்தி வைத்தது.

கேள்வி (க்ராய்டன்): ஒரு கம்பெனி போன் செய்து "ஆயிரக்கணக்கில் வாங்கித் தருகிறோம், ஜெயித்தால் மட்டும் பீஸ்" என்கிறது. கையெழுத்துப் போடலாமா?

வேண்டாம் அக்கா. 700 பவுண்ட் வந்தால் அவர்கள் பங்கு 30 சதவீதம், அதன் மேல் வாட் வரி. கணக்குப் போட்டால் 252 பவுண்ட் போய்விடும். ஒரு மின்னஞ்சல் அனுப்பியதற்கு அது கூலியா? நிறுவனத்துக்கு எழுதுவது இலவசம். அவர்கள் முடிவு பிடிக்காவிட்டால் நிதி குறைதீர்ப்பாளரிடம் போவதும் இலவசம்.

ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், 14 நாளுக்குள் என்றால் செலவில்லாமல் விலகலாம். அதன் பிறகு விலகினால் செய்த வேலைக்குக் காசு கேட்கலாம். இரண்டு கம்பெனிகளிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு இருவருக்கும் பதில் சொல்ல முடியாமல் நிற்பவர்களையும் பார்க்கிறேன்.

கடன் கொடுத்த நிறுவனத்திலிருந்தே பேசுவதாகச் சொல்லி, "இழப்பீடு தயார், வங்கி விவரம் தாருங்கள்" என்று கேட்டால் போனை வைத்துவிடுங்கள். 2025 நவம்பர் வரை எந்தத் திட்டமும் பணம் கொடுக்கத் தொடங்கவில்லை.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): காகிதம் ஒன்றும் கையில் இல்லை. யாரிடம் வாங்கினேன் என்பதே மறந்துவிட்டது.

டீலரிடம் அல்ல, கடன் கொடுத்த நிறுவனத்திடம்தான் எழுத வேண்டும். அதன் பெயர் பழைய வங்கிக் கணக்கில் மாதாமாதம் போன டைரக்ட் டெபிட்டில் இருக்கும். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற கடன் வரலாறு பதியும் நிறுவனங்களின் அறிக்கைகளை இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் முடிந்த கணக்கு ஆறு வருடத்தில் அதிலிருந்து மறைந்துவிடும்.

கடிதத்தில் பெயர், பிறந்த தேதி, அப்போதைய முகவரி, காரின் எண், ஏறக்குறைய எந்த வருடம், இவ்வளவு போதும். பிறகு கேளுங்கள்: கமிஷன் கொடுத்தீர்களா, எவ்வளவு, டீலர் வட்டியை மாற்ற முடிந்ததா, டீலரோடு தனி ஒப்பந்தம் இருந்ததா? "எனக்கு இதைச் சொல்லவில்லை, அதனால் முறையிடுகிறேன்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வெறும் விசாரிப்பாக எடுத்து மூடிவிடுவார்கள்.

கேள்வி (சவுத்தால்): மினிகேப் ஓட்டுகிறேன். கார் கடன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். முறையிட்டால் காரைத் தூக்கிவிடுவார்களா?

மாட்டார்கள் தம்பி. கடன் மதிப்பெண்ணும் குறையாது. தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால்தான் காருக்கு ஆபத்து. தொழிலுக்கு எடுத்த கார் என்றால் கடன் உங்கள் சொந்தப் பெயரில், 25,000 பவுண்டுக்குள் இருந்தால் எழுதிப் பாருங்கள். லிமிடெட் கம்பெனி பெயரில் என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி (பலர்): லீஸ், வங்கியில் வாங்கிய பர்சனல் லோன், பூஜ்ய வட்டிச் சலுகை?

மூன்றுக்கும் நேரத்தை வீணாக்க வேண்டாம். பிசிபி, ஹெச்பி (தவணை எல்லாம் கட்டி முடித்ததும் கார் சொந்தமாகும் கடன்) இரண்டும்தான் இங்கே பேச்சு.

கேள்வி (ஹாரோ): நீங்கள் முறையிட்டீர்களா அண்ணா?

அந்த வேலையில் சேர்வதற்கு முன், 2012-ல் ஒரு ஹெச்பி எடுத்திருந்தேன். வட்டி 11.9. என் கடன் வரலாற்றில் ஒரு கறை கிடையாது. போன பிப்ரவரியில் எழுதினேன். "உங்கள் முறையீடு கிடைத்தது" என்று ஒரு வரி வந்திருக்கிறது.