ஒரு குழிக்கு நான்கு விதை
வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

ஆடிப் பட்டம் நெருங்குவதாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பப்பாளியைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, விதை போடுவதிலிருந்து காய் பிடிப்பது வரை எழும் ஐயங்களுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன்.

கடையில் வாங்கிய பழத்தின் விதைகளை அப்படியே தொட்டியில் போட்டு நாள்தோறும் தண்ணீர் தெளித்து வந்தேன். 25 நாள்கள் ஆகியும் 40 விதைகளில் இரண்டுதான் முளைத்தன. ஆனால், சமையலறைக் கழிவு கொட்டும் குழியில் கன்றுகள் தாமாகவே முளைத்து நிற்கின்றன. நான் செய்த தவறு என்ன?
– வாசகி, விழுப்புரம்

பழத்திலிருந்து எடுத்த விதை ஒன்றை இரு விரல்களுக்கிடையில் வைத்து அழுத்திப் பாருங்கள். வழவழப்பாக, கண்ணாடி போலிருக்கும் ஒரு சவ்வுப் பை உடைந்து, உள்ளிருந்து சொரசொரப்பான கறுப்பு விதை நழுவி வெளியே வரும். முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் அந்தச் சவ்வில் இருக்கின்றன. பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமலிருக்க இயற்கை செய்துள்ள ஏற்பாடு அது. நீங்கள் அந்தப் பையோடு சேர்த்து விதைத்திருக்கிறீர்கள். குப்பைக் குழியில் மழையும் மட்கும் கழிவும் சேர்ந்து அதை அழுகச் செய்துவிடுகின்றன. அதோடு, அங்கே விழுந்த சில நூறு விதைகளில் முளைத்த பத்து மட்டுமே நம் கண்ணில் படுகிறது; தொட்டியிலோ எண்ணிப் போட்டதால் முளைக்காத 38 விதைகளும் மனத்தில் நிற்கின்றன.

மரத்திலேயே நன்கு பழுத்த பழமாகப் பார்த்து விதை எடுங்கள். ஒரு சல்லடையில் விதைகளைக் கொட்டி, அடுப்புச் சாம்பலோ மணலோ தூவிக் கையால் தேய்த்தால் சவ்வு கழன்றுவிடும். பிறகு தண்ணீரில் அலசி, மிதப்பவற்றை ஒதுக்கிவிட்டு, மூழ்கியவற்றை நிழலில் ஓரிரு நாள்கள் உலர்த்தி உடனே விதையுங்கள். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, அடியில் துளையிட்ட பாலிதீன் பைகளில் நிரப்பி, பைக்கு நான்கு விதைகளாக ஒரு செ.மீ. ஆழத்தில் ஊன்றிப் பூவாளியால் தண்ணீர் தெளித்தால் போதும். இரண்டு அல்லது மூன்று வாரங்களில் முளைக்கும். மார்கழிக் குளிரில் இன்னும் தாமதமாகும். அதற்காகக் கூடுதலாகத் தண்ணீர் விடாதீர்கள். பை சொதசொதவென்று இருந்தால், முளைத்த கன்று தரையை ஒட்டிய இடத்தில் நூல் போல் மெலிந்து ஒரே இரவில் சாய்ந்துவிடும்.

ஏறத்தாழ இரண்டு மாதங்களில் கன்று நடுவதற்குத் தயாராகும். வேர் அசைவதைப் பப்பாளி பொறுக்காது என்பதால், பையைக் கிழித்து மண் உருண்டை உடையாமல் குழியில் இறக்குங்கள். நான்கு கன்றுகளையும் பிரிக்காமல் ஒன்றாகவே நட வேண்டும். அதன் காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

சென்ற ஆண்டு நட்ட மூன்று கன்றுகளில் இரண்டு, நீண்ட காம்புகளில் கொத்துக் கொத்தாகப் பூத்துக் கொட்டிவிடுகின்றன. ஒரு காய்கூட இல்லை. தண்டில் ஆணி அடித்தால் பெண் மரமாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நுனியை வெட்டினாலே போதும் என்கிறார் என் மாமனார். விதையிலேயே ஆண், பெண் கண்டுபிடிக்க முடியாதா?
– வாசகர், கரூர்

முடியாது. கருமையான விதை பெண், வெளிறியது ஆண் என்றும், வேர் நேராக இறங்கினால் ஆண், கிளைத்தால் பெண் என்றும் பலர் சொல்வதுண்டு. இவை எதையும் நம்பிக் கன்றைப் பிடுங்கி எறிய வேண்டாம். விதை உருவாகும்போதே அதன் பால் மரபணுவில் முடிவாகிவிடுகிறது. ஆணி அடிப்பதால் தண்டில் அழுகல் நுழைய வழி ஏற்படுமே தவிர, பால் மாறாது. ஆனாலும் இந்த நம்பிக்கை நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தட்பவெப்பம் மாறும்போது சில ஆண் மரங்கள் பூங்கொத்தின் நுனியில் இருபால் பூக்களை விட்டு, நீண்ட காம்பில் ஓரிரு சிறு காய்களைத் தொங்கவிடும். அதற்கு முந்திய மாதம் யாராவது ஆணி அடித்திருந்தால் பெருமை ஆணிக்குப் போய்விடுகிறது. மாமனாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பப்பாளியில் ஆண், பெண், ஒரே பூவில் இரண்டும் உள்ள இருபால் மரம் என மூவகை உண்டு. உங்கள் விதை எத்தகைய பெற்றோரிடமிருந்து வந்தது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெண் மரத்துக்கு ஆண் மரத்தின் மகரந்தம் சேர்ந்து விளைந்த பழமானால், அதன் விதைகளில் பாதி ஆண், பாதி பெண்; கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 8 போன்றவை இந்த வகை. இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே காய்த்திருந்தால், மூன்றில் இரண்டு கன்றுகள் இருபாலாகவும் ஒன்று பெண்ணாகவும் அமையும். ஆண் வரவே வராது. அதே பல்கலைக்கழகத்தின் கோ 3, கோ 7 ஆகியவையும், கடைகளில் இன்று பரவலாகக் கிடைக்கும் ரெட் லேடியும் இந்த வகையைச் சேர்ந்தவை.

ஆகவே, விதைக்காகப் பழம் தேர்ந்தெடுக்கும்போது அதன் வடிவத்தைக் கவனியுங்கள். நீண்டு, சதை தடித்து, உள்ளே விதைக்குழி குறுகியிருக்கும் பழம் பெரும்பாலும் இருபால் மரத்தினுடையது. உருண்டையாக, விதைக்குழி அகன்றிருப்பது பெண் மரத்தினுடையது. அதன் தந்தை ஆண் மரமா, இருபால் மரமா என்பதைப் பழத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. வீட்டில் ஒரே ஒரு மரம் வைக்க இடமுள்ளவர்கள் நீண்ட பழத்தின் விதையைப் போடுவதே நல்லது என்பேன்.

குழிக்கு நான்கு விதை என்பது வெறும் வழக்கமன்று, அதில் ஒரு கணக்கு இருக்கிறது. பாதி ஆணாக வரக்கூடிய விதைகளில் ஒன்றை மட்டும் நட்டால், அது ஆணாக அமையும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இரண்டு நட்டால் இரண்டுமே ஆணாவதற்கு நான்கில் ஒன்று. நான்கு நட்டால் நான்குமே ஆணாவதற்கான வாய்ப்பு 16-இல் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. நீங்கள் மூன்று குழிகளில் குழிக்கு ஒன்றாக நட்டதால்தான், இன்று இரண்டு இடங்களை ஆண் மரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

நட்ட நான்கைந்து மாதங்களில் பூ வரும். ஆண் பூவை அறிவது எளிது. முழத்துக்கும் நீண்ட காம்பில், மல்லிகை மொட்டுப் போன்ற ஒல்லியான குழல்கள் கொத்தாகத் தொங்கும். மற்ற இரண்டும் இலைக் கணுவில் தண்டை ஒட்டியே பூப்பதால் மொட்டைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பெண் மொட்டு அடி பருத்து நுனி கூம்பி, அகல் விளக்கின் சுடர் போலிருக்கும். விரிந்தால் ஐந்து இதழ்களும் அடிவரை தனித்தனியாகப் பிரிந்து, நடுவில் வெளிர்பச்சைச் சூற்பை மட்டும் இருக்கும், மகரந்தத் தாள்கள் இருக்கமாட்டா. இருபால் மொட்டு உருளையாக நீண்டிருக்கும். இதழ்களின் கீழ்ப்பகுதி ஒட்டிக் குழலாகி, சூற்பையைச் சுற்றி மஞ்சள் மகரந்தப் பைகள் தெரியும். தேவையானதை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தரைமட்டத்தில் அறுத்துவிடுங்கள். பிடுங்கினால் நிற்க வேண்டிய கன்றின் வேரும் சேர்ந்து அசையும்.

உங்கள் மூன்றாவது மரம் பெண்ணாக இருந்து, அக்கம்பக்கத்தில் வேறு ஆண் மரமோ இருபால் மரமோ இல்லையென்றால், இரண்டு ஆண் மரங்களில் ஒன்றை வைத்திருங்கள். தோப்புகளில் 20 பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் போதுமென்பதே கணக்கு. மகரந்தம் கிடைக்காத பெண் மரத்தில் பூ உதிரும், அல்லது விதையற்ற சிறு காய்கள் ஓரிரண்டு நிற்கும். மூன்றாவது மரம் இருபாலாக இருந்தால் ஆண் மரங்கள் இரண்டையும் அறுத்துவிடலாம். இருபால் மரம் கடுங்கோடையில் சூற்பை வளராத பூக்களை விட்டு, சில வாரங்கள் ஆண் மரம் போலவே நடந்துகொள்ளும். கரூர் வெயிலுக்கு இது நேரக்கூடியதே. சித்திரையில் அரிவாளை எடுத்துவிடாமல், வெயில் தணியும் வரை பொறுத்திருங்கள்.

ஆளுயரம் வளர்ந்து காய்த்திருந்த பப்பாளி, மூன்று நாள் மழைக்குப் பிறகு இலை பழுத்துச் சாய்ந்துவிட்டது. தூரில் நீர் கோத்தது போன்ற அழுகல் தெரிந்தது. இனி எப்படி நடுவது?
– வாசகி, நாகப்பட்டினம்

தூரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே பப்பாளியின் வேர் மூச்சு முட்டிப் போகும். அதைத் தொடர்ந்து மண்ணிலுள்ள பூஞ்சைகள் தண்டைத் தாக்கும். உங்கள் ஊர் மண்ணுக்குக் குழியைவிட மேடுதான் முக்கியம். ஒன்றரை அடி உயரத்தில் மண்ணைக் குவித்து அதன் உச்சியில் நடுங்கள். தென்னைக்குக் கட்டுவது போலத் தூரைச் சுற்றி வட்டப்பாத்தி கட்டாதீர்கள். மழை ஓய்ந்த தை, மாசியில் நட்டால் அடுத்த ஐப்பசி அடைமழைக்குள் தண்டு முற்றியிருக்கும். அழுகல் தொடக்க நிலையிலிருந்தால் ஒரு சதவீத போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி) தூரில் நனையும்படி ஊற்றலாம். தண்டைச் சுற்றிப் பரவிவிட்டால் மரத்தைக் காப்பாற்ற இயலாது.

காய்களின் மேல் பஞ்சு ஒட்டியது போல் வெள்ளையாகப் பூச்சி அப்பியிருக்கிறது. பூச்சிமருந்துக் கடையில் கொடுத்ததை அடித்தும் மீண்டும் வருகிறது. விதையிலிருந்தே வந்திருக்குமா?
– வாசகர், ஈரோடு

விதையில் வருவதன்று. அது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. இந்தியாவில் முதன்முதலாக 2008-இல் கோவையில் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று அது பரவியதையும், கொங்குப் பகுதியில் பல தோட்டங்கள் அழிந்ததையும் உங்கள் ஊர்க்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மருந்து அடித்து அதை வெல்ல முடியவில்லை. 2010-இல் பியூர்டோ ரிக்கோவிலிருந்து அசரோபேகஸ் பப்பாயே என்னும், கண்ணுக்குச் சட்டெனத் தெரியாத சிறு குளவி பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு, பெருக்கித் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட, வெளிவரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். சில மாதங்களில் தொல்லை பெருமளவு அடங்கியது.

அந்தக் குளவி இன்றும் நம்மிடையே இருக்கிறது. நீங்கள் அடித்த மருந்து பூச்சிக்கு முன்பாக அதைத்தான் கொன்றிருக்கும். வெண்மை குன்றிப் பழுப்பாகி உப்பிய பூச்சிகள் தென்பட்டால் குளவி வேலை செய்கிறது என்று பொருள், அவற்றை விட்டுவிடுங்கள். மற்ற இடங்களில் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சியடித்து, வேப்பெண்ணெயில் சிறிது சோப்புக் கரைசல் கலந்து தெளியுங்கள். தண்டில் ஊரும் எறும்புச் சாரையையும் கவனியுங்கள், மாவுப்பூச்சிக்குக் காவலிருப்பவை எறும்புகளே.

என் ரெட் லேடி மரம் தேன் போல் இனிக்கும் பழம் தருகிறது. அதன் விதையை எடுத்து வைத்து உறவினர்களுக்குக் கொடுக்கலாமா? மரத்தில் இப்போது இலைகள் மஞ்சள் தேமலாகி, காய்களில் வளையம் வளையமாகப் புள்ளிகள் தெரிகின்றன.
– வாசகி, தென்காசி

கொடுக்கலாம், ஆனால் அதே பழம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ரெட் லேடி தைவானில் உருவான வீரிய ஒட்டு ரகம். அடுத்த தலைமுறையில் இனிப்பு, அளவு, நிறம் எல்லாம் கன்றுக்குக் கன்று மாறும். தாய் மரம் மாறாத விதை வேண்டுமென்றால் கோ 7 போன்ற ரகத்தின் இருபால் மரத்தில், விரியப்போகும் மொட்டைக் காகித உறையால் மூடிக் கட்டி, தன் மகரந்தத்தாலேயே காய்க்கவிட்டு எடுக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வளையப்புள்ளி நச்சுயிரி நோயைக் காட்டுகின்றன. இதற்கு மருந்து இல்லை. அசுவினிப் பூச்சிகள் இதை மரத்துக்கு மரம் கொண்டுசெல்வதால், பக்கத்தில் கன்று வைக்கும் எண்ணமிருந்தால் இந்த மரத்தை அகற்றிவிடுவதே சரி. ஆறுதலான செய்தி, இந்நோய் விதை வழியே பரவுவதில்லை. ஆகையால், நன்கு பழுத்த பழம் மீதமிருந்தால் விதையை எடுத்துக்கொள்ளலாம். சவ்வு நீக்கி உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியில் வைத்தால் சில மாதங்களிலேயே முளைப்புத்திறன் குறைந்துவிடும். எடுத்த தேதியையும், பெண் மரத்ததா இருபால் மரத்ததா என்பதையும் டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிட்டால், வாங்கிச் செல்லும் உறவினர் குழிக்கு எத்தனை விதை போடுவதென்று கேட்டு உங்களுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டியிராது.