வான்கதவா, துருசா, மதகா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருந்து ஆங்கில அறிவித்தல்களைத் தமிழாக்கிக் கொடுக்கிறேன். மாரி தொடங்கினால் ஸ்பில் கேட், ஸ்லூஸ், அனிகட், பண்ட் என்று வரிசையாக வருகின்றன. தேடிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் அணை, மதகு என்றே கிடைக்கிறது. எதை எழுதினால் எங்கட சனத்துக்கு விளங்கும், ஐயா?

பதில்: 'மதகு' என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வையுங்கள். தமிழ்நாட்டில் அது ஏரியிலிருந்து பாசனத்துக்கு நீர் விடும் கதவுள்ள வாய். இலங்கையில் எங்களுக்கோ, வீதியின் கீழே வெள்ளம் கடந்து போகக் கட்டிய சின்னப் பாலம்தான் மதகு. பின்னேரத்தில் பெடியள் ஏறியிருந்து கதைக்கும் இடம். 'மதகுகள் திறக்கப்பட்டன' என்று வாசிக்கும் கிளிநொச்சிக்காரர் எந்த வீதி என்று யோசிப்பார். ஆற்றங்கரையில் கட்டிய மாட்டை அவிழ்க்க ஓடமாட்டார். அதனால்தான் இந்தச் சொல்லில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன்.

குளத்திலிருந்து தண்ணீர் வெளியேற இரண்டு வழி உண்டு. வயலுக்கு அளந்து விடும் வழி துருசு. ஸ்லூஸ் என்று வந்தால் இதை எழுதுங்கள். குளம் நிறைந்தபின் மிஞ்சியதைக் கழிக்கும் வழி வான். கதவில்லாத வானில் தண்ணீர் தானாக வழியும், அதை 'வான் பாய்கிறது' என்போம். கதவு இருந்தால் அது வான்கதவு, உங்கள் ஸ்பில் கேட். தமிழ்நாட்டார் இந்த வானைக் கலிங்கு என்பார்கள். அழகான சொல்தான், ஆனால் அவசர அறிவித்தலில் வேண்டாம். சிங்களத்திலும் 'வான் தொரட்டு' என்றே சொல்வதால், மும்மொழி அறிவித்தலில் சரிபார்க்கவும் உங்களுக்கு இலகு.

துருசு திறந்தால் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும், கமக்காரருக்குச் சந்தோஷம். வான்கதவு திறந்தால் ஆறு பெருகும், தாழ்நிலத்தில் இருப்பவர் எழும்ப வேண்டும். இரண்டையும் 'அணை திறப்பு' என்று எழுதினால் இந்த வேறுபாடு அழிந்துவிடும்.

பண்ட் என்பது குளக்கட்டு. அது உடைந்தால் 'குளம் உடைப்பெடுத்தது' என்று எழுதுங்கள். திறப்பு என்ற சொல் அந்தப் பக்கமே வரக்கூடாது. 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளத்தில் நடந்தது உடைப்பு. பல உயிர்களைக் கொண்டுபோன அந்த விடியலை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். திறப்பு மனிதர் செய்வது, உடைப்பு கைமீறிப் போவது.

அனிகட்தான் சுவாரசியமானது. எங்கள் 'அணைக்கட்டு'தான் ஆங்கிலத்துக்குப் போய் அனிகட் ஆனது. ஆனால் அதே சொல்லாகத் திருப்பி எழுதினால் இன்றைய வாசகர் மனதில் எழும்புவது 122 மீற்றர் உயர விக்டோரியா அணைக்கட்டு. அனிகட் அப்படியல்ல. ஆற்றுக்குக் குறுக்கே தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்தி வாய்க்காலுக்குத் திருப்பும் குட்டைச் சுவர். மிச்சம் அதன் மேலாலேயே வழிந்து போகும். 'தடுப்பணை' போதும்.

கொழும்பு விடயங்களும் உங்களிடம் வரும். வறட்சியில் களனி ஆறு குறையும்போது கடல்நீர் மேலேறி, அம்பத்தளையில் குடிநீர் எடுக்கும் இடத்தைத் தொடாமல் மறிப்பது உவர்நீர்த் தடுப்பணை. மற்றவை மேலிருந்து வரும் நீரைத் தடுக்க, இது கடல் பக்கத்திலிருந்து வருவதைத் தடுக்கிறது. 'உவர்நீர்' என்பதை விடாதீர்கள். பேர வாவிக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் படகை ஏற்றி இறக்கிய இரட்டைக் கதவு அமைப்பை லொக் கேட் என்றே எழுதலாம். புதுச்சொல் உருவாக்க வேண்டியதில்லை.

சொல் சரியாக அமைந்தபின் இன்னும் ஒன்று மிச்சம். ஆங்கில மூலம் எத்தனை கதவு, எத்தனை அங்குலம் என்று தொடங்கும். நீங்கள் ஆற்றில் தொடங்குங்கள்: 'கனகராயன் ஆற்றின் இரு கரையிலும் உள்ளவர்கள் உடனே மேட்டுநிலத்துக்குச் செல்லவும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுள்ளன.'