நம்ம கதைய நாமளே தியேட்டர்ல பாக்குறது!

கேள்வி: டிவில ‘பேட்மேன்’ (Pad Man) இந்திப் படம் பார்த்தேன். கம்மி விலைல சானிட்டரி நாப்கின் செய்யிற மெஷின் கண்டுபிடிச்ச நம்ம கோயமுத்தூர் முருகானந்தம் கதைதான்னு சொல்றாங்க, ஆனா ஹீரோ பேரும் வேற, ஊரும் வேற. உயிரோட இருக்கும்போதே தன் கதைய இப்படி மாத்தி எடுத்தா மனசு கஷ்டப்படாதா?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: பேரு, ஊரு மாறுறது எனக்கு பெருசா தெரியல. கோயமுத்தூர்க்காரர் கதை 2018ல இந்திக்குப் போறப்போ மத்தியப் பிரதேசம் மகேஷ்வர்ல நடக்குது, முருகானந்தம் லட்சுமிகாந்த் ஆயிட்டாரு. அதே மாதிரி கர்நாடகாவுல பொறந்து ஏர் டெக்கான்ங்கிற விமான கம்பெனிய ஆரம்பிச்ச கேப்டன் கோபிநாத் கதை 2020ல ‘சூரரைப் போற்று’ ஆனப்போ சோழவந்தான் நெடுமாறனா வந்தாரு, நாம யாராவது குறை சொன்னோமா, கொண்டாடத்தானே செஞ்சோம். கோபிநாத்தே நிறைய கற்பனை கலந்திருக்குனு சொல்லிட்டு, ஆனா தன் கதையோட உயிரைப் பிடிச்சிருக்காங்க, குடும்பக் காட்சிகள்ல சிரிச்சேன், அழுதேன்னு ட்விட்டர்ல எழுதினாரு. படத்துல நெடுமாறனோட மனைவி பொம்மியா நடிச்ச அபர்ணா பாலமுரளியையும் தன் மனைவி பார்கவியோட குணம் அப்படியே வந்திருக்குனு பாராட்டினாரு. அதாவது அவரை அசைச்சது ஏரோப்ளேன் இல்ல, வீடுதான்.

அதனாலதான் பேட்மேன்ல எனக்கு ஒரு வருத்தம். முருகானந்தம் ஃபுட்பால் பிளாடர்ல ஆட்டு ரத்தத்த நிரப்பி இடுப்புல கட்டிக்கிட்டு, தான் செஞ்ச நாப்கினை தானே போட்டு நடந்தும் சைக்கிள் ஓட்டியும் பார்த்த மனுஷன். கறை பட்ட துணிய பொதுக் கிணத்துல அலசப் போய் ஊரே இவருக்கு ஏதோ வியாதினு பேசிச்சு, மனைவி சாந்தி பொறந்த வீட்டுக்குப் போயிட்டாங்க, அப்புறம் அம்மாவும் போயிட்டாங்க. பெரிய கம்பெனி நாப்கின்ல இருக்கிறது வெறும் பஞ்சு இல்ல, மரக்கூழ்லேர்ந்து எடுக்கிற செல்லுலோஸ்னு கண்டுபிடிக்கவே ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, வெளிநாட்டு மெஷின் கோடிக்கணக்குல இருந்தப்போ இவரு சுமார் 65,000 ரூபாய்க்கு ஒண்ணு செஞ்சு காட்டினாரு. இதெல்லாம் நடக்கிறப்போ பக்கத்துல யாருமே இல்ல. சாந்தி திரும்பி வர அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு.

படத்துல என்னன்னா அந்தத் தனிமைக்கு நடுவுல பரினு ஒரு பொண்ணு வந்து வியாபாரத்துக்கு உதவி பண்ணி காதலும் பண்ணுது. முழுக்க கற்பனை. அந்தக் காதல் எதுக்குங்க? பாட்டு, சென்டிமென்ட்டுக்கு வேணும்னு வச்சிருப்பாங்க, ஆனா கூட யாருமே இல்லாம ஒரு மனுஷன் விடாம நின்னதுதானே இந்தக் கதையே! இன்னொரு பக்கம், அக்‌ஷய் குமார் மாதிரி ஒரு ஸ்டார் கையில பேடோட போஸ்டர்ல நின்னதால எத்தனை வீட்டுல அப்பாவும் பொண்ணும் முதல்முறையா இதைப் பத்தி பேசியிருப்பாங்க, அந்த நல்லதையும் சொல்லித்தான் ஆகணும்.

படம் பார்த்துட்டீங்கல்ல, அப்படியே ‘மென்ஸ்ட்ருவல் மேன்’னு 2013ல அமித் விர்மானி எடுத்த டாக்குமென்ட்ரியையும் தேடிப் பாருங்க, அதுல நடிகர் யாரும் இல்ல, முருகானந்தமே பேசுறாரு.