ஸ்னோ ப்ளோவரின் குழாயில் கை வைக்காதீர்கள்: கேள்வி பதில்

பாதையில் கிடக்கும் பனியை அள்ளித் தூர வீசும் இயந்திரம் ஸ்னோ ப்ளோவர். பின்னால் நடந்தபடி ஓட்டும் வகை பற்றி வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த இயந்திரங்களைப் பொருத்திக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் எனக்குப் பல வருடப் பழக்கம். பனி வெளியேறும் குழாய் அடைத்துக்கொள்வது பற்றிய பதிலை மட்டும் எப்படியாவது படித்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு கட்டம், இரண்டு கட்டம் என்கிறார்களே அண்ணா, என்ன வித்தியாசம்?

ஒரு கட்ட இயந்திரத்தில் முன்னால் சுழலும், பனியை அள்ளும் திருகு போன்ற ஆகர்தான் எல்லா வேலையும் செய்கிறது. பனியைச் சுரண்டுவதும் அதுதான், குழாய் வழியாக வெளியே வீசுவதும் அதுதான். அதன் ரப்பர் விளிம்பு தரையைத் தொட்டபடியே ஓடும். அதனால் சரளைக்கல் பாதைக்கு அது ஆகாது, கல்லையும் வாரி வீசிவிடும். இரண்டு கட்டத்தில் இரும்பு ஆகர் பனியை நடுவுக்கு இழுத்துக் கொடுக்கும். அதன் பின்னால் இருக்கும் இம்பெல்லர் என்ற விசிறி அதை வாங்கித் தூர வீசும். சக்கரங்களும் இன்ஜின் பலத்திலேயே நகரும். முழங்கால் உயரப் பனி, நீளமான பாதை, சரளை என்றால் இரண்டு கட்டம்தான். இனி நான் சொல்வதில் பெரும்பகுதி அதைப் பற்றியது.

கேள்வி: பெட்டியைப் பிரித்துவிட்டேன். கைப்பிடியைப் பொருத்தியதும் பெட்ரோல் ஊற்றி ஓட்டலாமா?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. முதலில் ஆயில். சில இயந்திரங்கள் ஆயிலோடு வரும், பல வெறும் வயிற்றோடுதான் வரும். இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, அளவுக்கோலை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். பெரும்பாலான குளிர்கால இன்ஜின்களுக்கு 5டபிள்யூ-30 ஆயில் சொல்லியிருப்பார்கள். உங்கள் கையேட்டில் வேறு எழுதியிருந்தால் அதுதான் சரி. ஆயில் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே இன்ஜின் போய்விடும்.

அடுத்து டயர். வழியில் அசையாமல் இருக்கட்டும் என்று தேவைக்கு மேல் காற்றடித்து அனுப்புவார்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாமல், இரண்டிலும் ஒரே அழுத்தம் இருக்கும்படி இறக்குங்கள். ஒன்றில் கூட, ஒன்றில் குறைய இருந்தால் இயந்திரம் ஒரு பக்கமாகவே இழுக்கும், முன்பக்கமும் சாய்ந்து நிற்கும். அப்புறம் எல்லா நட்டையும் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: கைப்பிடியில் இரண்டு லீவர் இருக்கிறது. எது எதற்கு? ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒன்று சக்கரத்துக்கு, ஒன்று ஆகருக்கு. எந்தப் பக்கம் எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டுக்கும் பொது விதி ஒன்றுதான்: அழுத்தினால் ஓட வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். நீங்கள் வழுக்கி விழுந்தால் கை தானாக விட்டுவிடும், இயந்திரமும் நின்றுவிடும். உங்கள் உயிரைக் காக்கும் ஏற்பாடு இது. கை வலிக்கிறது என்று லீவரைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்த ஓர் இயந்திரம் ஒரு முறை பழுதுக்கு வந்தது. கயிற்றை அறுத்து எறிந்த பிறகுதான் கருவியையே கையில் எடுத்தேன்.

சோதனை இப்படி. வெளியே, முன்னால் யாரும் இல்லாத இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு, கைப்பிடிக்குப் பின்னால் உங்கள் இடத்தில் நின்றபடியே ஆகர் லீவரை அழுத்துங்கள், பிறகு கையை எடுத்துவிடுங்கள். 5 நொடிக்குள் ஆகர் முழுசாக நிற்க வேண்டும். லீவரைத் தொடாதபோது இம்மிகூட சுழலக் கூடாது. சுழன்றால் கேபிள் அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் பனிக்குக் கொண்டுபோகாதீர்கள். கேபிள் தளர்ந்திருந்தால் பெல்ட் வழுக்கும், ரப்பர் கருகும் வாடை வரும், பனி தூரம் போகாது.

இன்னொன்று: முன் கியரிலிருந்து பின் கியருக்கு மாற்றும் முன் சக்கர லீவரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் இயந்திரம் தரையில் ஒவ்வொரு வெடிப்பிலும் முட்டி நிற்கிறது. ஏன்?

ஸ்கிட் ஷூ ஏறிப்போயிருக்கும். முன்பெட்டியின் இரண்டு பக்கமும் சறுக்குக்கட்டை மாதிரி இருக்குமே, அதுதான். தரைக்கும், முன்பெட்டியின் அடியில் பனியைச் சுரண்டும் ஸ்க்ரேப்பர் தகட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை அதுதான் முடிவு செய்கிறது. வழவழப்பான காங்கிரீட், தார் என்றால் 3 மில்லிமீட்டர் போதும். சரளை என்றால் 25 முதல் 30 மில்லிமீட்டர் வேண்டும். மேலே கொஞ்சம் பனி மிஞ்சும், மிஞ்சட்டும். கல் பறப்பதைவிட அது மேல்.

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, சமதரையில் நிறுத்துங்கள். 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள அட்டையில் இரண்டு துண்டு வெட்டி, ஸ்க்ரேப்பரின் இரு முனைக்கும் அடியில் ஒவ்வொன்றாக வையுங்கள். இரண்டு ஷூவின் நட்டையும் தளர்த்தினால் ஷூ தன் எடையிலேயே சரிந்து தரையில் படியும். அடிப்பாகம் முழுக்கத் தரையில் பதிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்; மூக்கு மட்டும் தொட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும். பிறகு நட்டை முறுக்கி, அட்டையை உருவிவிடுங்கள். சரளைக்கு அட்டைக்குப் பதில் மரத்துண்டு.

கேள்வி: கடுங்குளிரில் ஸ்டார்ட் ஆவதே இல்லை சார்.

பெட்ரோல் வால்வைத் திறந்து, சாவியைப் போட்டு, த்ராட்டிலை முழு வேகத்தில் வைத்து, இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் சோக்கை முழுக்க மூடி, பெட்ரோலை உள்ளே தள்ளும் பிரைமர் குமிழை இரண்டு மூன்று தடவை அமுக்கி, ஸ்டார்ட்டர் கயிற்றை இழுங்கள். கிளம்பியதும் சோக்கை ஒரேயடியாகத் திறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். சில நிமிடம் சூடேறட்டும்.

இவ்வளவு செய்தும் வரவில்லை என்றால் போன வருடப் பெட்ரோல்தான் முக்கால்வாசிக் காரணம். பெட்ரோல் ஒரு மாதத்திலேயே கெட ஆரம்பித்து, கார்புரேட்டரின் நுண்ணிய ஓட்டையில் பசையாகப் படியும். புதிதாக வாங்கி, பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து வையுங்கள். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் உள்ளது வேண்டாம்.

கேள்வி: மின்சாரத்தில் ஸ்டார்ட் செய்யும் வசதி இருக்கிறது. பயமாக இருக்கிறது, பாதுகாப்பானதா?

பாதுகாப்பானதுதான் அம்மா, வயரும் வரிசையும் சரியாக இருந்தால். வெளிப்புறப் பயன்பாட்டுக்கான, எர்த் உள்ள மூன்று பின் வயர் மட்டும். முதலில் இயந்திரத்தில் சொருகுங்கள், பிறகு சுவரில். இன்ஜின் கிளம்பியதும் முதலில் சுவரிலிருந்து பிடுங்குங்கள், பிறகு இயந்திரத்திலிருந்து. அப்படிச் செய்தால் மின்சாரம் பாயும் வயர் ஈரக் கையில் இருக்காது. பொத்தானை ஒரு தடவைக்கு 5 நொடிக்கு மேல் அமுக்க வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: கதவைத் திறந்து வைத்துவிட்டு கராஜுக்குள்ளேயே சூடேற்றலாமா?

கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கதவு திறந்திருந்தாலும் தேங்கும், வீட்டுக்குள்ளும் நுழையும். வெளியே தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள். பெட்ரோல் ஊற்றுவதும் வெளியேதான், இன்ஜின் ஆறிய பிறகுதான்.

கேள்வி: இன்ஜின் நன்றாக ஓடுகிறது, ஆனால் ஆகரின் ஒரு பக்கம் மட்டும் சுற்றவில்லை.

ஆகரைத் தண்டோடு இணைக்கும் சியர் பின் என்ற சின்ன ஆணி உடைந்திருக்கிறது. உடைந்தது நல்லது. பனிக்குள் ஒளிந்திருந்த கல்லோ கட்டையோ மாட்டியிருக்கும். கியர்பாக்ஸ் தப்பிக்கட்டும் என்று அந்தச் சின்ன ஆணி உயிரைக் கொடுத்திருக்கிறது. அது வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில், உடைவதற்கு வசதியாகப் பள்ளம் வெட்டிச் செய்யப்பட்டது.

அதனால்தான் அந்த இடத்தில் கைக்குக் கிடைத்த போல்ட்டைப் போடாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். ஒருவர் கடினமான எஃகு போல்ட் போட்டு ஒரு சீசன் முழுக்க ஓட்டிவிட்டுக் கொண்டுவந்தார். கியர்பாக்ஸைத் திறந்தேன். உள்ளே இருந்த கிரீஸ் பொன் தூவியது போல் மின்னியது. எல்லாம் வெண்கலப் பல்சக்கரத்தின் தூள். பற்கள் கத்தி முனை மாதிரி தேய்ந்திருந்தன. உங்கள் மாடலுக்கான பின் நாலைந்து வாங்கி வீட்டில் வையுங்கள். மாற்றும்போது இன்ஜின் அணைந்து, சாவி வெளியே, ஸ்பார்க் ப்ளக் வயரும் கழன்றிருக்க வேண்டும்.

கேள்வி: ஈரப்பனி வந்தால் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. ஆகர் லீவரை விட்டுவிட்டுக் கையுறை போட்ட கையால் எடுத்துவிடுகிறேன். சரிதானே?

இல்லை, ஐயா. இன்றோடு நிறுத்திவிடுங்கள். இதுவரை உங்களுக்கு விரல்கள் இருப்பது அதிர்ஷ்டம்.

இந்த இயந்திரத்தால் நடக்கும் மோசமான காயங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. குழாயின் வாயில் தெரியும் பனி அசையாமல் இருக்கும், பார்த்தால் ஒன்றும் ஆகாது என்று தோன்றும். ஆனால் இம்பெல்லர் இருப்பது குழாயின் அடியில், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் கை போய்விடும், அது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, இன்ஜினை அணைத்த பிறகும் ஆபத்து மிச்சம் இருக்கலாம் என்பது. இறுகிய பனி சுழற்சியை நடுவில் பிடித்து நிறுத்தும்போது பெல்ட்டிலும் தண்டிலும் முறுக்கு தேங்கி நிற்கும். அடைப்பை எடுத்த கணத்தில் அது விடுபட்டு, இம்பெல்லரின் தகடு கால் சுற்றாவது வெட்டிச் சுழலும். விரலுக்கு அந்தக் கால் சுற்றே போதும். கையுறை காப்பாற்றாது, சிக்கிக்கொண்டு கையையும் இழுத்துக்கொள்ளும்.

நானே ஒரு முறை பார்த்தேன். இன்ஜின் அணைந்து நல்ல நேரம் ஆகியிருந்தது, சாவி என் பையில். பெருவிரல் பருமனுள்ள குச்சியால் குத்திக்கொண்டிருந்தேன். பனிக்கட்டி உள்ளே சரிந்த சத்தம் கேட்டது. அதே நொடியில் குச்சி கையிலிருந்து பறிக்கப்பட்டது. எடுத்துப் பார்த்தால் நுனியில் நான்கு விரல்கடை நீளம் காணவில்லை. அங்கே என் கை இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் குச்சி.

ஆகவே, லீவர்கள் இரண்டையும் விடுங்கள். இன்ஜினை அணையுங்கள். சாவியை எடுத்துப் பைக்குள் போடுங்கள். எல்லாச் சுழற்சியும் நிற்கும்வரை காத்திருங்கள், நின்றது போல் தெரிந்த பிறகும் கொஞ்சம் பொறுங்கள். பிறகு இயந்திரத்தோடு வரும் பிளாஸ்டிக் கரண்டியால், அது இல்லையென்றால் உறுதியான குச்சியால் எடுங்கள். அடைப்பு விட்ட பிறகும், மிச்சத்தை எடுக்கிறேன் என்று கையை நுழைக்காதீர்கள்.

கேள்வி: என்னுடையது பேட்டரியில் ஓடுவது. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

இன்னும் அதிகமாகவே பொருந்தும். பெட்ரோல் இன்ஜின் ஓடுகிறது என்று சத்தமாவது எச்சரிக்கும். பேட்டரி இயந்திரம் சத்தமில்லாமல் தயாராக நிற்கும். குழாய்ப் பக்கம் போகும் முன் பேட்டரியையே கழற்றிக் கீழே வைத்துவிடுங்கள்.

கேள்வி: அடைப்பே வராமல் தடுக்க வழி இல்லையா அண்ணா?

முழுக்கத் தடுக்க முடியாது, வெகுவாகக் குறைக்கலாம். இன்ஜின் எப்போதும் முழு வேகம், நடை மட்டும் மெதுவாக. பலர் ஈரப்பனியில் பயந்துபோய் இன்ஜின் வேகத்தைக் குறைக்கிறார்கள், அங்கேதான் தப்பு. விசிறி மெதுவானால் பனி குழாயைத் தாண்டிப் போகாமல் உள்ளேயே ஒட்டும். முழு அகலத்தையும் ஒரே மூச்சில் அள்ளாமல், பாதி அகலம் மட்டும் எடுங்கள். இயந்திரம் சில்லென்று இருக்கும்போதே, இன்ஜின் ஓடாத நிலையில், குழாயின் உட்புறம் சிலிக்கோன் ஸ்ப்ரே அடிக்கலாம். பனி நிற்கட்டும் என்று காத்திருக்காமல், கனமாகக் கொட்டும் நாளில் நடுவில் ஒரு தடவை எடுத்துவிடுவதும் உதவும்.

கேள்வி: எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்? சரிவான பாதை வேறு.

அகலமான பாதை என்றால் நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் வீசுங்கள், எடுத்த பனியையே திரும்ப எடுக்க வேண்டி வராது. காற்று போகும் திசையிலேயே வீசுங்கள். ஆள், வண்டி, ஜன்னல் பக்கம் குழாயைத் திருப்பவே வேண்டாம், ஒரு கூழாங்கல் போதும். பனி விழும் முன்பே மிதியடி, வயர், விளையாட்டுச் சாமான் எல்லாம் பொறுக்கிவிட்டு, ஓரங்களில் குச்சி நட்டு வையுங்கள்.

சரிவில் ஏறி இறங்கும் திசையில் மட்டும் ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம். செங்குத்தாக இருந்தால் மண்வெட்டிதான். பின்னுக்கு எடுக்கும்போது திரும்பிப் பாருங்கள். வழுக்கி விழுந்தால், லீவர் விடுபடும் முன்பே இயந்திரம் உங்கள் மேல் ஏறிவிடலாம். தொங்கும் சால்வை வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் காப்பு, காலுக்குப் பிடிப்புள்ள பூட்ஸ்.

கேள்வி: பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும். யாராவது வெளியே வந்தால் அந்த நிமிடமே லீவரை விட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: காலையில் பார்த்தால் ஆகர் உறைந்து அசைய மறுக்கிறது.

முந்தின நாள் ஈரத்தோடு நிறுத்தியிருப்பீர்கள். வேலை முடிந்ததும் ஆகரை ஓரிரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு ஒட்டிய பனியை உதறச் செய்யுங்கள். பிறகு அணைத்து, பிரஷ்ஷால் தட்டிவிட்டு வையுங்கள். உறைந்துவிட்டால் லீவரை அழுத்தி வம்புக்கு இழுக்காதீர்கள், பெல்ட் கருகும். தீச்சுடர் இல்லாத கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்தில் தானாக இளகட்டும்.

கேள்வி: பனிக்காலம் முடிந்தது. மூடி வைக்கும் முன் என்ன செய்வது?

ஸ்டெபிலைசர் கலந்த பெட்ரோலில் சில நிமிடம் ஓடவிடுங்கள், கார்புரேட்டருக்குள்ளும் அது போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். ஆயிலைச் சூடாக இருக்கும்போதே மாற்றுங்கள். ஸ்க்ரேப்பரும் ஷூவும் தேய்ந்திருந்தால், பல மாடல்களில் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் பயன்படுத்தலாம்.

அப்புறம் பெரும்பாலோர் மறக்கும் வேலை ஒன்று. ப்ளக் வயரைக் கழற்றிவிட்டு, சியர் பின்களை எடுத்து, ஆகரின் தண்டில் இருக்கும் கிரீஸ் முனைகளில் கிரீஸ் ஏற்றுங்கள். சியர் பின் இல்லாத நிலையில் ஆகரைக் கையால் சுற்றினால் தண்டின் மேல் தனியாக வழுக்கிச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா, துருவில் ஒட்டிக்கொண்டது. அப்படி ஒட்டிவிட்டால் சியர் பின் இருந்தும் பயனில்லை. கல் மாட்டினால் அடி நேராகக் கியர்பாக்ஸுக்குத்தான். தாராளமாகச் சுற்றும்வரை கிரீஸ் ஏற்றி, பிறகு புதுப் பின் போட்டு மூடி வையுங்கள்.