வெல்ட் அடித்த ஓரத்திலேயே மறுபடி வெடிக்கிறதே?

கேள்வி: எங்கள் தோட்டத்து ஆற்றுப் பாலம் வெள்ளைக்காரத் துரைமார் காலத்து, ரிவிட் ஆணி அடித்துப் பொருத்திய இரும்புப் பாலம். கீழ்க் கேடரில், அதாவது பாரம் தாங்கும் இரும்பு உத்தரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு தெரிந்தது. ஒருவர் வந்து வெல்ட் அடித்து, பெயிண்டும் பூசிவிட்டுப் போனார். பதினொரு மாதம்தான், வெல்டின் ஓரத்திலேயே மறுபடி வெடிப்பு. இவ்வளவு காலம் நின்ற பாலத்துக்கு இப்போது என்ன வந்தது? உறுதி கூடிய இரும்பு போட்டால் சரியாகுமா?
— வாசகர், பொகவந்தலாவை

பதில்: நானும் இதே தப்பைச் செய்தவன்தான், தம்பி. பாலம் திருத்தும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஹட்டன் பக்கத்தில் ஒரு கேடருக்கு அழகாக வெல்ட் அடித்தேன். எங்கள் மூத்த பாஸ் வந்து பார்த்தார். "ஓட்டை போட வேண்டிய இடத்தில ஒட்டுப் போட்டிருக்கியேடா!" என்றார். அன்று கோபம் வந்தது. அப்புறம்தான் புரிந்தது.

ரிவிட் பாலம் பல தகடுகளை அடுக்கிச் செய்தது. ஒரு தகட்டில் வந்த வெடிப்பு அதன் விளிம்போடு நின்றுவிடும். பக்கத்துத் தகடு பாரத்தை வாங்கிக்கொள்ளும். வெல்ட் அடித்தால் எல்லாம் ஒரே துண்டு. வெடிப்புக்கு நாமே பாதை போட்டுக் கொடுக்கிறோம். போதாததற்கு, சூடேறி ஆறிய இரும்பு சுருங்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அடுத்த வெடிப்பு அங்கேதான் பிறக்கும்.

உறுதி கூடிய இரும்பு ஒரே தடவையில் அதிக பாரம் தாங்கும், சரி. ஆனால் பிறந்துவிட்ட வெடிப்பு வளரும் வேகம் சாதாரண இரும்பிலும் அதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேகத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது, லொறி ஏறி இறங்கும்போது அந்த இடத்து இழுவை எவ்வளவு கூடிக் குறைகிறது என்பது. 1963இல் பாரிஸ், எர்டோகன் என்ற இருவர் எழுதிய கணக்குப்படி பார்த்தால், அந்த ஏற்ற இறக்கம் 2 மடங்கானால் பாலத்து இரும்பில் வெடிப்பு ஏறக்குறைய 8 மடங்கு வேகமாக வளரும். கொழுந்து லொறி மட்டும் போன பாலத்தில் இப்போது மணல் டிப்பரும் போகிறதா? நீங்கள் எழுதவில்லை. போகும் என்றுதான் நினைக்கிறேன்.

சின்ன வெடிப்புத்தானே என்றும் இருந்துவிடாதீர்கள். 1967இல் அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றில் சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். தொடக்கம், மூட்டுக்குள் மறைந்திருந்த சுமார் 2.5 மில்லிமீற்றர் ஆழ வெடிப்பு.

முதலில் பார வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள். பாலத்துக்குப் பொறுப்பானவர்களிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். வெடிப்பின் நுனியைக் கண்டுபிடிக்க எங்கள் காலத்து வழி இது: பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூள் பூசுவோம். சற்று நேரத்தில் எண்ணெய் கசிந்து கோடு காட்டும். அந்த நுனி ஓட்டைக்குள் விழும்படி துளைத்து, விளிம்பை மழமழவென்று தேய்க்க வேண்டும். கூரான நுனி போய்விட்டால் வெடிப்பு நிற்கும், குறைந்தது தாமதமாகும். அந்த இடைவெளியில் தகடு வைத்து போல்ட் போட்டு முடுக்குவார்கள். மறுபடி வெல்டிங் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.