செய்முறையை நம்பிக் கடன் வாங்கலாமா?

கேள்வி: என் தங்கைக்கு வரும் தை மாதம் திருமணம். தந்தை காலமாகிவிட்டதால் பொறுப்பு முழுவதும் என்னுடையது. நகைகளை அம்மா ஏற்கெனவே சேர்த்துவிட்டார். மற்ற செலவுகளுக்கு 4 லட்சம் ரூபாய் வைத்திருக்கிறேன். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என 500 பேரை அழைத்து மண்டபத்தில் நடத்த இது போதாது என்றும், 2 லட்சத்தை வட்டிக்கு வாங்கினால் செய்முறைப் பணத்தில், அதாவது மொய்யில், அடைத்துவிடலாம் என்றும் தாய்மாமா கூறுகிறார். மாப்பிள்ளை வீட்டார் எதையும் கேட்கவில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: கடன் வேண்டாம். செய்முறை நோட்டில் ஏறும் தொகைகளில் ஒரு பகுதி உங்கள் தந்தை முன்பு செய்தது திரும்பி வருவது. மீதி நீங்கள் இனிமேல் ஒவ்வொரு வீட்டு விசேஷத்திலும் திருப்பிச் செய்தாக வேண்டியது. வீட்டிலுள்ள பழைய நோட்டை எடுத்து, இன்னும் திரும்பி வராதவற்றை மட்டும் கூட்டிப் பாருங்கள். அதுவும் தை மாத முகூர்த்த நாளில், ஒரே வீட்டுக்கு நான்கு பத்திரிகை வந்திருக்கும் நேரத்தில், முழுவதுமாக வந்து சேரும் என்று சொல்வதற்கில்லை. வட்டியோ தேதி தவறாமல் வந்து நிற்கும்.

செலவைக் குறைக்க வேண்டிய இடம் பந்திதான். பூ அலங்காரத்தில் ஐயாயிரம் குறைத்துவிட்டு இலைக் கணக்கைக் கவனிக்காமல் விடுபவர்களே அதிகம். இலை ஒன்றுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 500 பேருக்கு ஒரு வேளை உணவுக்கே 1 லட்சம் ஆகிவிடும் என்பதால், மாலை வரவேற்பைக் கைவிட்டாலே நீங்கள் வாங்க நினைக்கும் கடனில் பாதி தேவையற்றதாகிவிடுகிறது. மேடை அலங்காரம், விளக்கு, மண்டபத்தின் கூடுதல் அரை நாள் வாடகை ஆகியவையும் அதோடு போகும். மாப்பிள்ளை வீட்டார் கேட்காத வரவேற்பை நீங்கள் ஏன் நடத்த வேண்டும்? அவர்களுக்கு விருப்பமிருந்தால் பின்னொரு நாளில் தங்கள் ஊரில் வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்து, திருப்பரங்குன்றம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் அங்கே தாலி கட்டுவதை யாரும் குறைவாக எண்ண மாட்டார்கள். முகூர்த்த நாள்களில் அங்கே கூட்டம் நெரியும் என்பதால் கோயில் அலுவலகத்தில் இப்போதே விசாரித்து, வயதுச் சான்று, முகவரிச் சான்று, இருவருக்கும் இது முதல் திருமணம் என்னும் சான்று முதலியவற்றில் எவையெவை வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திருமணம் முடிந்ததும் அருகிலுள்ள சிறிய மண்டபத்தில் காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் போதும்.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும்போது வாடகையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். மின்சார யூனிட், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, பாத்திர வாடகை, சிலிண்டர், ஜிஎஸ்டி எனக் கடைசி நாள் பில்லில் ஏறுபவை அனைத்தையும் ரசீதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். சமையல்காரரிடம் பேசும்போது, ஆள் குறைந்தாலும் பணம் கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்ச இலை எத்தனை என்பதை முதலில் முடிவு செய்து, அதை எதிர்பார்ப்பைவிடச் சற்றுக் குறைவாகவே ஒப்புக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பந்தி முடிந்ததும் இலைகளை எண்ணி, சமையல்காரரின் ஆளோடு சேர்ந்து குறித்துக்கொள்ள உங்கள் தரப்பில் ஒருவர் நிற்க வேண்டும். இந்த வேலையைத் தாய்மாமாவிடமே கொடுங்கள். பொறுப்பு கையில் வந்தால் அவர் பேச்சும் மாறும்.

மேளம், நாதஸ்வரத்தை மட்டும் குறைக்காதீர்கள் என்பது என் சொந்த விருப்பம். டிரோன் கேமரா இல்லாமல் எந்தக் கல்யாணமும் நின்றதில்லை.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். தாமதக் கட்டணம் இல்லாமல் முடிக்க வேண்டுமானால் 90 நாள்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், கோயில் ரசீதையும் பத்திரிகைகளில் ஒன்றையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.